நாலும் நாலும் ஏழு: ஒரு கால்குலேட்டர் ஸ்தல புராணம்

இந்திய வரலாற்றுப் புத்தகங்கள் புதுக்கோட்டைக்கு இரண்டு வரிக்கு மேல் இடம் கொடுத்ததில்லை. தொண்டைமான்கள் ஆண்டார்கள், வெள்ளைக்காரனோடு மல்லுக்கு நிற்காமல் பிழைத்துக்கொண்டார்கள், 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்துவிட்டு ஓய்ந்தார்கள். அவ்வளவுதான். கணினி விளையாட்டுகளின் வரலாற்றை எழுதியவர்களோ அந்த இரண்டு வரியையும் தரவில்லை. கால்குலேட்டரில் சொந்தமாக விளையாட்டு எழுதிய மாவீரர்களைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக எழுதுவார்கள். அத்தனை பேரும் அமெரிக்கப் பள்ளிக்கூடத்துப் பையன்கள், அத்தனை பேர் கையிலும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். தைல மரக் காட்டுக்கு நடுவே பொட்டலில் நின்ற நம்மூர் இன்ஜினியரிங் காலேஜ்களின் கடைசி பெஞ்சைப் பற்றி ஒரு அடிக்குறிப்பு உண்டா? கிடையாது. ஆகவே இந்த ஸ்தல புராணம்.

கல்வெட்டு இல்லாமல் எந்த ஸ்தல புராணமும் எடுபடாது. நமக்கு அந்தக் கவலையில்லை, குடுமியான்மலை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு எழுத்து என்று சொல்லப்படும் இசைக் கல்வெட்டு அங்கே பாறையில் அகலமாக விரிந்து கிடக்கிறது. கிரந்த எழுத்தில், நாலு நாலு சுரமாகக் கட்டம் கட்டிய மாதிரி வரிசை வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். மாணவர்களின் நன்மைக்காக ஓர் அரசன் செய்தது என்று அதிலேயே குறிப்பும் இருக்கிறது. எந்த அரசன்? வெகுகாலம் மகேந்திரவர்ம பல்லவன் என்றார்கள், பிறகு வேறு சிலர் வந்து இல்லை என்றார்கள். அந்தப் புண்ணியவான் தன் குரு ருத்ராசாரியார் பெயரைக் கல்லில் போட்டானே தவிர, தன் பெயரைப் போடவில்லை. வாத்தியார் பெயரை மட்டும் எழுதிவிட்டுத் தன் பெயரை விட்டுவிட்ட மாணவனை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை; விடைத்தாளாக இருந்தால் வித்ஹெல்டு போட்டிருப்பார்கள். இத்தனை நூற்றாண்டு கழித்தும் அதை எப்படிப் பாடுவது என்று அறிஞர்கள் கட்டிப் புரள்கிறார்கள். விளக்கக் குறிப்பு எழுதாமல் புரோகிராம் மட்டும் எழுதிவைத்தால் இதுதான் கதி என்று பிற்காலத்தில் எங்களுக்கு லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ஒருவர் எச்சரித்தார். அவர் குடுமியான்மலைக்காரர்தான். கல்வெட்டைப் பார்த்ததில்லை என்றும் சொன்னார்.

அரசன் கல்லில் பாடம் வெட்டினான். அரசன் இல்லாத ஆசாமிகள் கல்லில் வேறு வேலை பார்த்தார்கள். தமிழ்நாடு முழுக்கப் பழைய கோயில்களின் கல் தளங்களைக் குனிந்து பார்த்தால் எங்காவது ஆடு புலி ஆட்டத்துக் கட்டம் கீறியிருக்கும். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளி. கல்தச்சன் மதியச் சோற்றுக்குப் பிறகு கொத்தினானோ, மண்டபத்து நிழலுக்கு ஒதுங்கியவன் கொத்தினானோ, யார் கண்டது. கல் போட்டது சாமிக்கு, கட்டம் போட்டது பொழுதுக்கு. பெரிய மனிதர்கள் கனமான காரியத்துக்கென்று கொண்டுவந்து இறக்கும் எந்தச் சாமானையும் இந்தப் பக்கத்து ஆள் முதலில் சுற்றிவந்து பார்ப்பான், இதில் என்ன ஆட்டம் ஆடலாம் என்று. இந்தக் குணத்தை மட்டும் நினைவில் வையுங்கள். மேற்கொண்டு வருவதற்கு அது போதும்.

அப்படியே ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளைத் தாண்டி 1974-க்கு வந்துவிடலாம். அந்தப் பொங்கலன்று, ஜனவரி 14-ஆம் தேதி, திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் பிய்த்தெடுத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தை உண்டாக்கினார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஹியூலெட் பேக்கார்டு கம்பெனி ஹெச்பி-65 என்ற கால்குலேட்டரை விற்பனைக்கு விட்டது. விலை 795 டாலர். நூறு படி வரை புரோகிராம் எழுதி, சின்ன காந்த அட்டையில் பதிந்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். அடுத்த ஆண்டு மலிவாக ஹெச்பி-25 வந்தது. அதில் 49 படிதான், அணைத்தால் எழுதியது எல்லாம் போச்சு. இவ்வளவு ஏழ்மையிலும் அந்தக் கால்குலேட்டரோடு கம்பெனியே கொடுத்த புத்தகத்தில் நிலாவில் இறங்கும் விளையாட்டு ஒன்று அச்சாகி வந்தது. எரிபொருள் எவ்வளவு எரிக்கலாம் என்று எண்ணை அடிப்பீர்கள். உயரமும் வேகமும் எண்ணாகவே திரும்பி வரும். கணக்குத் தப்பினால் நிலாவில் மோதிச் சிதறுவீர்கள், அதுவும் எண்ணாகவே. இன்ஜினியர்களுக்கான கருவியில் முதல் வேலையாக விளையாட்டைச் செருகியவர்கள் இன்ஜினியர்கள்தான் என்பதை வாத்தியார்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

1985-இல் ஜப்பானின் கேசியோ, படம் வரையும் முதல் கால்குலேட்டரான எஃப்எக்ஸ்-7000ஜி-யை இறக்கியது. குறுக்கே 96 புள்ளி, நெடுக்கே 64 புள்ளி. புரோகிராமுக்கு இடம் 422 பைட். இந்தப் பத்தியில் பாதியைக்கூட அதற்குள் அடக்க முடியாது. அதே 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருக்கு வந்து சிப் வடிவமைக்கும் கடை விரித்தது. அவர்களுடைய சாட்டிலைட் டிஷ் சாமான்கள் மாட்டு வண்டியில் போன கதையைப் பெங்களூர்க்காரர்கள் இன்னமும் பெருமையாகச் சொல்வார்கள். அதே மாட்டு வண்டியைக் கொஞ்சம் தெற்கே திருப்பி, கூட நாலு கால்குலேட்டரையும் ஏற்றி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதிக் கடைகளில் எங்கள் காலம்வரை படம் வரையும் கால்குலேட்டரை நான் கண்ணால் பார்த்ததில்லை.

அமெரிக்கப் பையன்கள் பார்த்தார்கள். 1990-இல் டிஐ-81, 1992-இல் டிஐ-85, 1996-இல் டிஐ-83 என்று வரிசையாக வந்தன. கணக்கு வகுப்புக்கு இதை வாங்கு என்று பள்ளிக்கூடமே சொல்லும், அப்பா அம்மா காசு கொடுப்பார்கள். டிஐ-83-இன் திரையில் எழுத்து என்றால் எட்டு வரி, வரிக்குப் பதினாறு எழுத்து. அதற்குள்ளேயே ஒரு பேசிக் மொழி. எந்தப் பொத்தான் அழுத்தினார்கள் என்று கேட்க ஒரு கட்டளை, இங்கிருந்து அங்கே தாவ ஒரு கட்டளை. இரண்டும் கிடைத்தால் போதாதா? பாம்பு ஓடியது, பந்து எகிறியது. எல்லா வகுப்பிலும் பரவியது எதுவென்று பார்த்தால், போதைச் சரக்கை ஒரு பேட்டையில் மலிவாக வாங்கி இன்னொரு பேட்டையில் கூட விற்று லாபம் பார்க்கும் டிரக்வார்ஸ். பிள்ளை கால்குலேட்டரில் கூட்டல் கழித்தல் போடுகிறான் என்று பெற்றோர் பூரித்திருப்பார்கள். பொய்யும் இல்லையே.

பேசிக் மொழி ஆமை வேகம். அதனால் 1994-இல் டிஐ-85-ஐப் பூட்டுடைத்தார்கள். கம்ப்யூட்டரிலிருந்து கால்குலேட்டருக்கு மெமரி முழுவதையும் திருப்பி அனுப்ப வசதி உண்டு. அப்படி அனுப்பும் கோப்பில் ஒரு மெனு வரியைத் திருத்திவைத்தால், அந்த மெனுவைத் தொட்டதும் கால்குலேட்டர் நேராக மெஷின் மொழிக்குள் விழுந்துவிடும். இசட்-ஷெல் என்று அதற்குப் பெயர். உள்ளே இருந்த இசட்-80 சிப்பின் முழு வேகமும் அன்றிலிருந்து விளையாட்டுக்கு. டீச்சர்கள் பரீட்சைக்கு முன் மெமரியை அழிக்கச் சொன்னார்கள். பையன்கள் மெமரி அழிந்துவிட்டது என்று பொய்யாக எழுதிக் காட்டும் புரோகிராமை எழுதினார்கள். உலகின் எல்லா மூலையிலும் படிப்பு இப்படித்தான் வளர்ந்திருக்கிறது.

இதெல்லாம் நடந்த அதே ஆண்டுகளில் புதுக்கோட்டை சும்மா இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1991-இல் அறிவொளி இயக்கம். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். ஊர் ஊராகப் பெண்கள் அகரம் எழுதினார்கள், கூடவே சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். வீட்டில் ஆண்பிள்ளைக்கென்று சார்த்திவைத்திருந்த சைக்கிளை எடுத்து, பாவாடை தாவணியோடும் புடவையோடும், கேரியரில் பிள்ளையையும் தண்ணீர்க் குடத்தையும் வைத்துக்கொண்டு ரோட்டில் விட்டார்கள். கம்பெனிக்காரன் யாருக்காகச் செய்தானோ அவன் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். டிஐ-85-ஐ உடைத்த பையன்களை ஹேக்கர்கள் என்று கொண்டாடுகிறவர்கள் இந்தப் பெண்களுக்கும் அந்தப் பட்டத்தைக் கொடுத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இனி ஸ்தலத்துக்கு வருவோம்.

எங்கள் காலத்தில், அதாவது 2000-களின் முதல் பாதியில், பிளஸ் டூ வரை கால்குலேட்டர் என்பது மளிகைக்கடைச் செட்டியாரிடம் இருப்பது. மாணவனுக்கு கிளார்க்ஸ் டேபிள். லாகரிதம், ஆன்டிலாகரிதம் என்று பொடி எழுத்தில் எண்ணாக நெளியும் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு விளையாட முயன்றவர்களும் உண்டு, ஆனால் அதில் ஜெயித்தவர் கிடையாது. இன்ஜினியரிங் சேர்ந்த முதல் வாரம்தான் அப்பாக்கள் பையனைக் கூட்டிப்போய் கேசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ் வாங்கிக் கொடுப்பார்கள். அசல் என்று நம்பி, ஓர் எழுத்து மாறிய போலியை வாங்கி வந்தவர்களும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். ஏன் அந்த மாடல்? பல்கலைக்கழக விதி அப்படி. பரீட்சை ஹாலுக்குள் சயின்டிஃபிக் கால்குலேட்டர் வரலாம், ஆனால் புரோகிராம் செய்ய முடியாததாக இருக்க வேண்டும். நான்-புரோகிராமபிள். ஹாலில் இந்தச் சொல்லை சூப்பர்வைசர் உச்சரிக்கும்போது குரலில் ஒரு காவல்துறைக் கம்பீரம் வரும்.

அவர்கள் கவனிக்காத சின்ன விஷயம் ஒன்று. புரோகிராமபிள் என்று உலகமே மெச்சிய ஹெச்பி-25-இல் 49 படி. புரோகிராமே செய்ய முடியாது என்று சத்தியம் செய்யப்பட்ட எங்கள் 991எம்எஸ்-இல் ஒரு வரிக்கு 79 படி.

கடைசி பெஞ்சுக்கு இது முதல் நாளே தெரிந்துவிடவில்லை. முதலில் புக் கிரிக்கெட். தடித்த புத்தகத்தைப் படாரென்று திறக்க வேண்டியது, இடப்பக்கத்து எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன், பூஜ்யம் வந்தால் அவுட். இடப்பக்கம் எப்போதும் இரட்டைப் படை எண். ஆகவே 0, 2, 4, 6, 8 மட்டும்தான் வரும். எத்தனையோ தலைமுறை புக் கிரிக்கெட் ஆடிய இந்தியாவில் ஒருவன்கூட ஒற்றை ரன் எடுத்ததில்லை. எட்டை அப்படியே எட்டு ரன் என்று வைத்துக்கொண்டால் ஒரு விக்கெட்டுக்குச் சராசரி இருபது, பத்து விக்கெட்டுக்கு இருநூறு. ஆட்டம் மோசமில்லை. ஆனால் புத்தகம் திறக்கும் சத்தம் பெரிது. அதைவிட, கடைசி பெஞ்சில் இவ்வளவு ஆர்வமாகப் புத்தகம் புரளுவதே எந்த லெக்சரருக்கும் சந்தேகம் கிளப்பும்.

கால்குலேட்டர் மேசை மேல் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அதன் புள்ளிப் பொத்தானுக்கு மேல் பொடியாக ரேன் என்று ஒன்று எழுதியிருக்கும், ரேண்டம் என்பதன் சுருக்கம். ஷிஃப்டை அழுத்தி அதை அழுத்தி ஈக்வல் அழுத்தினால் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே மூன்று இலக்கத் தசமம் ஒன்று குதிக்கும். திரும்ப ஈக்வல், திரும்ப ஒன்று. சிலபஸில் எங்கேயும் தேவைப்படாத பொத்தான். கேசியோக்காரன் எங்களுக்காகவே வைத்திருக்கிறான் என்று பெஞ்சு முடிவு செய்தது. கடைசி இலக்கம் ரன், பூஜ்யம் அவுட். புக் கிரிக்கெட் சட்டம் அப்படியே மாற்றலாகி வந்தது.

ஓப்பனிங் இறங்கிய ஆலங்குடிக்காரன் அவுட்டே ஆகவில்லை. பொன்னமராவதியான் பந்து வீசி, அதாவது ஈக்வல் அழுத்தி, விரல் வீங்கிவிட்டது.

"ஏப்பு, இது என்ன பேட்டிங்கா, குத்தகையா?"

"ஃபார்ம்ல இருக்கேன் மாப்ள. நீ போடு."

ஃபார்ம் இல்லை. 0.350 என்று வரவேண்டிய எண்ணை இந்த மெஷின் 0.35 என்றுதான் காட்டும். வாலில் வரும் பூஜ்யத்தைத் தின்றுவிடும். ஆக, திரையில் கடைசி இலக்கமாகப் பூஜ்யம் வர ஒரே வழி, மொத்த எண்ணும் பூஜ்யமாக இருப்பது. ஆயிரத்தில் ஒரு பந்து. மூன்றாவது பீரியடு முடியும்போது ஆலங்குடிக்காரன் பிராட்மனைத் தாண்டியிருந்தான்.

சட்டத்தைத் திருத்த ஒரு கமிட்டி உட்கார்ந்தது, கேன்டீனில், முட்டை மாஸோடு. கீரனூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒல்லிப் பையன் ஒருவன் இருந்தான். வகுப்பில் வாய் திறக்க மாட்டான். அவன் மட்டும் கால்குலேட்டர் டப்பாவோடு வந்த கையேட்டைப் படித்திருந்தான். எங்களில் மற்றவர்கள் அதைப் பெட்டியோடு அப்பாவிடம் கொடுத்துவிட்டோம். அவன் சொன்ன வழி இது. மோடு பொத்தானை ஐந்து முறை அழுத்து. ஃபிக்ஸ், சை, நார்ம் என்று வரும். ஒன்றை அழுத்து. எத்தனை தசம இலக்கம் என்று கேட்கும். பூஜ்யம் கொடு. இனி எந்த விடை வந்தாலும் மெஷின் அதை முழு எண்ணாக்கித்தான் காட்டும். இப்போது ஆறு போட்டு, பக்கத்தில் ரேன் போடு. ஈக்வல்.

4.

ஈக்வல். 1. ஈக்வல். 6. ஈக்வல். 0. அவுட்!

கமிட்டி எழுந்து நின்று கை தட்டியது என்று சொன்னால் மிகையில்லை. பூஜ்யத்திலிருந்து ஆறு வரை, அசல் கிரிக்கெட் போலவே ஒற்றை ரன்னும் உண்டு. இந்தியாவில் வகுப்பறைக் கிரிக்கெட்டில் முதல் சிங்கிள் புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் எடுக்கப்பட்டது என்று நான் துணிந்து எழுதுவேன். மறுப்பவர்கள் ஸ்கோர் ஷீட்டோடு வரட்டும்.

இதிலும் ஒரு நெளிவு இருந்தது. முழு எண்ணாக்கும்போது நடு எண்கள் ஒவ்வொன்றுக்கும் முழு அளவு இடம் கிடைக்கிறது, இரு ஓரத்துப் பூஜ்யத்துக்கும் ஆறுக்கும் பாதி இடம்தான். ஆக அவுட் ஆவது பன்னிரண்டில் ஒரு பந்து. சிக்ஸர் அடிப்பதும் பன்னிரண்டில் ஒரு பந்து. ஆனால் ஐந்து ரன்? ஆறில் ஒன்று. உலகக் கிரிக்கெட்டில் ஓவர் த்ரோ புண்ணியத்தில் என்றைக்காவது வரும் ஐந்து ரன் எங்கள் மைதானத்தில் சிக்ஸரைவிட இரட்டிப்பாக வந்தது. ஒரு விக்கெட்டுக்குச் சராசரி முப்பத்தாறு, ஆல் அவுட் முந்நூற்றறுபது. டி-20 பிறக்கும் முன்பே பேட்ஸ்மேனுக்குச் சாதகமான பிட்ச் தயாரித்தவர்கள் நாங்கள்தான். ஒல்லிப் பையன் இதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். நிகழ்தகவு பாடத்தில் அவனைத் தவிர யாரும் பாஸாகாத அந்த செமஸ்டரில், அவுட் ஆகும் வாய்ப்பு என்ன என்று கேட்டால் மட்டும் மொத்த பெஞ்சும் தூக்கத்தில் சொல்லும்.

அடுத்து வந்தது ஸ்கோர் பிரச்சினை. பேப்பரில் எழுதினால் மாட்டிக்கொள்வோம். எம்-பிளஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, பந்துக்குப் பந்து அழுத்தினால் மெமரியில் கூடிக்கொண்டே போகும். முதல் பந்து 4. எம்-பிளஸ். இரண்டாவது பந்தும் 4. எம்-பிளஸ். ஸ்கோர் என்ன என்று மெமரியைத் திறந்து பார்த்தால், 7.

நாலும் நாலும் ஏழு. பெஞ்சு இரண்டாக உடைந்தது. பேட்டிங் தரப்பு எட்டு என்றது. பௌலிங் தரப்பு, மெஷினைவிட உனக்குக் கணக்குத் தெரியுமா என்றது. கேசியோவையே நம்பாதவன் இன்ஜினியரிங் எதற்குப் படிக்கிறான் என்று ஓர் அறச்சீற்றமும் எழுந்தது. நடந்தது என்னவென்றால், திரைதான் முழு எண் காட்டுகிறது. உள்ளே இருப்பது பழைய தசமமேதான். 3.6 வந்தால் வெளியே 4 என்று முகம் காட்டும். மெமரிக்குள் போவது 3.6. இரண்டு 3.6 சேர்ந்தால் 7.2, வெளியே 7. அரசியல்வாதியின் சொத்துக் கணக்குக்கு நேர் எதிரான முறை. இதற்கும் கையேட்டில் பரிகாரம் இருந்தது. ஷிஃப்டை அழுத்திப் பூஜ்யத்தை அழுத்தினால் ஆர்என்டி என்று ஒன்று வரும், அது உள்ளே இருப்பதையும் முழு எண்ணாக்கிவிடும். ஆனால் பந்துக்குப் பந்து கூடுதல் பொத்தான். பௌலர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கடைசியில் நாலும் நாலும் ஏழு என்பதே உள்ளூர்ச் சட்டமாக நிலைத்தது. கூட வேண்டியது குறைந்தால் ஃபீல்டிங் நன்றாக இருந்தது என்று கமென்டரி சொல்லிக்கொள்வோம்.

ஒல்லிப் பையன் அதோடு நிற்கவில்லை. ஆல்ஃபா அழுத்தினால் எழுத்துகள் கிடைக்கும், சமக்குறி கிடைக்கும், இரண்டு கூற்றுகளைப் பிரிக்க முக்காற்புள்ளியும் கிடைக்கும். டி சமம் டி கூட்டல் ஒன்று, முக்காற்புள்ளி, ஏ சமம் ஏ கூட்டல் டி. இப்படி ஒரு வரி எழுதி ஈக்வலை அழுத்திக்கொண்டே இருந்தால் டி ஒன்றொன்றாக ஏறும், ஏ அதை விழுங்கிக்கொண்டே வளரும்: 1, 3, 6, 10, 15. சுற்றிச் சுற்றி வருகிறது, முந்தைய விடையை நினைவில் வைத்திருக்கிறது, அடுத்ததைத் தானே போடுகிறது. கம்ப்யூட்டர் வகுப்பில் ஃபார் லூப் என்று மூன்று வாரம் நடத்தினார்களே, அந்த ஆசாமிதான். வியட்நாமில் பள்ளிப் பிள்ளைகள் இதே குடும்பத்து எஃப்எக்ஸ்-570எம்எஸ்-ஐ வைத்துக்கொண்டு, இதே முறையில் தொடர் வரிசைக் கணக்குகளைப் போட்டித் தேர்வுக்கே பயன்படுத்தினார்கள் என்பது பிற்பாடு தெரியவந்தது. அங்கே பாடம், இங்கே ஓவர் எண்ணிக்கை. டி என்பது பந்து, ஏ என்பது மொத்தம்; ஏ-வோடு கூட்டுவது டி-யை அல்ல, ஆறு ரேனை. புரோகிராம் செய்ய முடியாத கால்குலேட்டரில் ஒரு வரி புரோகிராம், எழுபத்தொன்பது படிக்குள் ஒரு நாள் ஆட்டம்.

பரீட்சை ஹாலில் என்ன நடந்தது என்றால், சூப்பர்வைசர் வருவார். கால்குலேட்டரைக் கையில் வாங்குவார். புரோகிராமபிளா என்பார். இல்லை சார் என்போம். மேலே இழுத்து மூடும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, உள்பக்கத்தில் பென்சிலால் ஃபார்முலா எழுதியிருக்கிறோமா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். எழுதியிருக்காது. எங்களுக்கு எழுதிவைக்கும் அளவுக்கு ஃபார்முலா தெரிந்திருந்தால்தானே? திருப்தியாகத் திருப்பிக் கொடுப்பார். மூடியில்தான் குற்றம் இருக்கும் என்பது அவர்கள் தொழில் நம்பிக்கை. மெஷினை ஆன் செய்து பார்த்த ஒருவரையும் எனக்குத் தெரியாது. பறக்கும் படையே வந்தாலும் பாக்கெட்டைத் தடவும், சாக்ஸைக் கழற்றச் சொல்லும், கால்குலேட்டரிடம் மரியாதையாக நடந்துகொள்ளும்.

அந்த மரியாதையால் அழிந்தவன் ஆலங்குடிக்காரன். தெர்மோடைனமிக்ஸ் பேப்பர். காலையில் பஸ்ஸிலேயே ஒரு டெஸ்ட் மேட்ச் முடித்துவிட்டு நேராக ஹாலுக்கு வந்தான். ஃபிக்ஸ் பூஜ்யம் அப்படியே இருந்தது. ஸ்டீம் டேபிளைப் பிரித்தான். முதல் கணக்கில் இன்ஜினின் திறன் கேட்டிருந்தார்கள். விடை 0.58 மாதிரி ஏதோ வரவேண்டும். திரையில் 1. நூற்றுக்கு நூறு திறன். கொடுத்த வெப்பம் அத்தனையும் வேலையாக மாறும் இன்ஜின். அப்படி ஒன்றைச் செய்யவே முடியாது என்பதுதான் தெர்மோடைனமிக்ஸின் இரண்டாம் விதி. அதற்கென்று ஒரு யூனிட்டே நடத்தியிருந்தார்கள். இவன் அசரவில்லை. அடுத்த கணக்கிலும் 1. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம் சுமாரான இன்ஜின், 0.43, திரையில் 0. கொடுத்த கரியெல்லாம் வீண், சக்கரம் சுற்றவே இல்லை. அந்த மூன்று மணி நேரத்தில் அவன் பேப்பரில் உலகில் இரண்டே வகை இன்ஜின்தான் இருந்தன, தெய்வீகமானதும் துருப்பிடித்ததும். மதியம் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும்போது சைன் முப்பதைப் போட்டுப் பார்த்தான். 1. காஸ் அறுபது, 1. டேன் முப்பது, 1. சைன், காஸ், டேன் எல்லாமே ஒன்று என்ற அத்வைத நிலையை அங்கேதான் உணர்ந்தான். ஷிஃப்ட், சிஎல்ஆர், மூன்று, ஈக்வல்: நாலே பொத்தானில் எல்லாம் பழைய நிலைக்கு வந்திருக்கும். அவன் அந்தப் பேப்பரை எத்தனையாவது தடவையில் எடுத்தான் என்பதை அவன் வீட்டம்மா இந்தப் பக்கத்தைப் படிக்க வாய்ப்பிருப்பதால் விட்டுவிடுகிறேன்.

நாங்கள் இப்படி மூடியைக் காட்டித் தப்பித்து வெளியேறிய சில ஆண்டுகளில், அமெரிக்காவில் விவகாரம் வக்கீல் வரை போனது. டிஐ-83 பிளஸ்ஸின் அடிப்படை மென்பொருளைக் கம்பெனி 512 பிட் ரகசியச் சாவி போட்டுப் பூட்டியிருந்தது. 2009-இல் பெஞ்சமின் மூடி என்பவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சுமார் 73 நாள் ஓடவிட்டு அந்தச் சாவியின் பகா எண்களைப் பிரித்தெடுத்துவிட்டார். மற்ற மாடல்களின் சாவிகளை ஊர் கூடி, ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் பங்கு பிரித்து உடைத்தார்கள். கம்பெனி பதிப்புரிமைச் சட்டத்தைக் காட்டி நோட்டீஸ் விட்டது. எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற உரிமை அமைப்பு பையன்கள் பக்கம் நின்றது. ஒரு கால்குலேட்டருக்காக இவ்வளவு ரகளை. எங்கள் பூட்டில் சாவியே கிடையாது; நான்-புரோகிராமபிள் என்ற ஒற்றைச் சொல்தான் பூட்டு, அதைத் திறந்து பார்க்க எங்கள் சூப்பர்வைசர்களுக்குத்தான் தோன்றவில்லை.

பின்னால் எஃப்எக்ஸ்-991ஈஎஸ் பிளஸ் வந்தது. எங்கள் தம்பிமார்கள் காலம். அதில் ரேன்-இன்ட் என்று புதிதாக ஒன்று; இத்தனையிலிருந்து இத்தனைக்குள் முழு எண் கொடு என்றால் கொடுத்துவிடும். நாலும் நாலும் எட்டாகிவிட்டது. ஆட்டத்தின் ருசி பாதி போயிற்று என்பது என் கட்சி. ஆனால் வேறொரு வாசல் திறந்தது. தாயக் கட்டையின் நாலு முகத்தில் 0, 1, 2, 3. இரண்டு கட்டை. ரேன்-இன்ட் பூஜ்யம் முதல் மூன்று வரை, கூட்டல், இன்னொரு ரேன்-இன்ட் பூஜ்யம் முதல் மூன்று வரை. ஈக்வல். 1 வந்தால் தாயம், 0 வந்தால் பன்னிரண்டு. பதினாறு விதமாக விழலாம், அதில் இரண்டு தாயம், ஒன்று பன்னிரண்டு. பித்தளைக் கட்டைக்கும் இதே கணக்குதான், இம்மி பிசகாது. ஒற்றை வரியில் ஒரு முழுத் தாயக் கட்டை.

இதைச் செய்த கந்தர்வகோட்டைப் பையன் லீவுக்கு வீட்டுக்குப் போய் அப்பத்தா முன்னால் வைத்தான். கட்டம் தரையில் சாக்பீஸால், காய்க்குப் புளியங்கொட்டையும் சோழியும், கட்டைக்குப் பதில் கேசியோ. அப்பத்தா மூன்று முறை தோற்றார். நாலாவது ஆட்டத்தில் அவன் மூன்று தாயம் அடுத்தடுத்துப் போட்டு அவர் காயை வெட்டியதும், கால்குலேட்டரை வாங்கித் திருப்பிப் பார்த்து, மூடியைக் கழற்றி உள்ளேயும் பார்த்தார்.

"உருட்டாம விழுகுற தாயத்துக்கெல்லாம் எங்காய வெட்டக் குடுக்க முடியாது. எடுறா அந்தக் கட்டைய."